கடலில் பிள்ளை இல்லாதவள்

கார்த்திகை பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, சுமித்திரா தையல் மெசினின் உறையைக் கழற்றவில்லை. மறுநாளும் கழற்றவில்லை. மூன்றாம் நாள் மழை சற்று ஓய்ந்தபோது, உடையார்கட்டுக் குளம் நிரம்பி வான் பாயும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அன்றும் அவள் பத்தரை மணிக்குத்தான் பாயை விட்டு எழுந்தாள்.

மெசினுக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டுப் பொதிகள் கிடந்தன. எல்லாம் வெள்ளைச் சீருடைத் துணி. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரும் அளவும் எழுதிய கடதாசித் துண்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. ஜனவரிக் கடைசியில் புதிய வகுப்புகள் தொடங்கும். அதற்கு முன் எல்லாம் தைத்து முடிய வேண்டும். அவற்றில் மூன்று சட்டைகளைத்தான் அவள் வெட்டியிருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கைதடியில் பிறந்தவள். மணம் முடிக்கவில்லை. 2013ஆம் ஆண்டு ஆவணி மாதம், தம்பி சிவகரனின் பெயரில் இருந்த கால் ஏக்கர் காணியைப் பராமரிக்க ஆளில்லை என்று உடையார்கட்டுக்கு வந்தாள். தம்பி 2009 வைகாசியில், இறுதிப் போரில் இல்லாமல் போனவன். வந்த இடத்தில் கிணறு இறைத்து, கூரை போட்டு, ஒரு மெசினை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

ஒவ்வொரு மாரியிலும் அவளுக்கு இது வரும். முதன்முதலாக வந்தபோது வயது இருபத்தேழு. வானம் பத்து நாள் தொடர்ந்து இருட்டினால் போதும், உடம்பில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டது போல ஒரு பாரம். நித்திரை நித்திரையாக வரும், ஆனால் தூங்கி எழுந்தாலும் களைப்புப் போகாது. சோறும் சீனியும் மட்டும் வாய்க்குப் பிடிக்கும். தலை முழுகச் சோம்பல். கொடியில் காயாத துணியின் மணம் அடித்தால் அழுகை வரும். எதற்காக என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும், யாரோ வந்து சாக்கைத் தூக்கி எடுத்ததுபோல ஒரு காலையில் அது போய்விடும்.

தம்பியை நினைத்தா என்றால், அதுவும் இல்லை. வைகாசியில் அவனுக்கு விளக்கு வைப்பாள், அழுவாள், பின்னேரம் மெசினில் இருந்து இரண்டு சட்டை தைத்துவிட்டுத்தான் எழும்புவாள். அந்த அழுகைக்கு ஒரு முகம் இருந்தது. மாரி அழுகைக்கு முகமே இல்லை. அதுதான் அவளுக்கு வெட்கம். அவள் இருந்த ஒழுங்கையில் பதினேழு வீடுகள். அவற்றில் ஒன்பது வீட்டுக்காரர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து சுனாமிக்குப் பிறகு உள்ளே வந்தவர்கள். அந்த ஒன்பது வீட்டிலும், சுனாமி வந்த டிசம்பர் 26ஆம் திகதியில் நினைத்து அழ யாராவது ஒருவர் இருந்தார். எதிர்வீட்டுக் கமலாசனிக்கு ஆறு வயது மகன் நிருஷன் போயிருந்தான். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி மாரி முழுக்க அழுதால் அதை என்னவென்று சொல்வது?

சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ஊரே அதற்கு ஒரு காரணம் சொல்லிவிட்டது.

அது 2014 டிசம்பர் 26. கடற்கரை நினைவு நிகழ்வு முடிந்து கமலாசனி பஸ்ஸில் வந்து இறங்கியபோது, சுமித்திரா கிணற்றுக் கட்டில் தலைவிரி கோலமாக இருந்து அழுதுகொண்டிருந்தாள். கமலாசனி படலையைத் திறந்து வந்தார்.

"உமக்கும் கடலில ஆரும் போச்சினமோ?"

சுமித்திராவால் வாய் திறக்க முடியவில்லை.

"பிள்ளையோ?"

கமலாசனி பக்கத்தில் இருந்து அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவரும் அழுதார்.

தனியாக வந்தவரிடம் ஏன் தனி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி ஒருவரைச் சொல்ல வைப்பது பாவம். அதனால் யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில், கடலில் போன அவளுடைய பிள்ளை பெண்பிள்ளை ஆனது. நாலு வருடத்தில் அதற்கு நாலு வயது ஆனது. கணவர் வெளிநாட்டில் வேறு குடும்பமாகிவிட்டார் என்றும் ஒரு கதை இருந்தது. பிள்ளையின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. "அவா சொல்லமாட்டா, கேக்கக் கூடாது," என்று கமலாசனி எல்லாரையும் தடுத்து வைத்திருந்தார்.

சுமித்திரா திருத்த நினைத்தாள். முதல் வருடம் வைகாசியில் நினைத்தாள். ஆனால் அந்த 26ஆம் திகதி மத்தியானம் கமலாசனி மூன்று தட்டுக் கரியரில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டு வந்து, அவள் சாப்பிட்டு முடியும் வரை முன்னால் இருந்தார். மறுவருடம் அவரோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். நவம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரை அவளுடைய வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்பது அந்த ஒரு நாளில்தான். தைக்கத் துணி கொண்டு வருகிறவர்கள் படலையில் நின்று தந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு நாளுக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். இப்படிப் பத்துத் தடவை ஆகிவிட்டது.

பதினோராவது வருடம், டிசம்பர் 10ஆம் திகதி, ரஜிதன் வந்தான். ஊர் நினைவுக் குழுவின் செயலாளர். முப்பத்துநாலு வயது. மழைக்கோட்டுக்குள்ளே நெஞ்சோடு சேர்த்து ஒரு பைல் வைத்திருந்தான். விறாந்தையில் ஏறி, நீர் சொட்டச் சொட்ட நின்றான்.

"இருக்கேல்லை அக்கா, கதிரை நனைஞ்சிடும். சுனாமி வந்து இருபது வருசம் எல்லே, கல்லு ஒண்டு வைக்கிறம். முப்பத்தொரு பேர். முப்பது பேருக்கு எல்லாம் சரி."

பைலைத் திறந்து காட்டினான். முப்பத்தோராம் இலக்கத்துக்கு எதிரே, "பெண்பிள்ளை, வயது 4, தாய் சுமித்திரா" என்று மையால் எழுதியிருந்தது. பெயருக்கும் பிறந்த திகதிக்கும் உரிய கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"கேக்கக் கூடாது எண்டு கமலா மாமி சொன்னவா. ஆனா கல்லில பேரில்லாமல் விட எனக்கு மனமில்லை. நீங்கள் எழுதித் தந்தாலும் காணும், சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை கல்லு வெட்டுறவரிட்டக் குடுக்க வேணும்."

"வியாழக்கிழமை சொல்லுறன் தம்பி."

"ஆறுதலாச் சொல்லுங்கோ."

அவன் போன பிறகு விறாந்தையில் இரண்டு சப்பாத்து அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. சுமித்திரா அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அன்று இரவு முழுவதும் அவள் ஒரு பெயரைத் தேடினாள் என்பதுதான் உண்மை. மறுநாள் காலையில் பெயர் ஒன்று கிடைத்தும்விட்டது. அதைத் தையல் சுண்ணக்கட்டியால் கத்தரி மேசையில் எழுதிப் பார்த்தாள். நாலு வயதுப் பெண்பிள்ளைக்குச் சட்டை உயரம் இருபது அங்குலம், நெஞ்சு இருபத்திரண்டு. யாரும் சொல்லாமலே அது அவளுக்குத் தெரியும். இருந்திருந்தால் இப்போது இருபத்துநாலு வயது. அப்படி நினைத்தபோது ஒரு கணம், அந்தப் பிள்ளை உண்மையிலேயே செத்ததுபோல நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது. அவள் பயந்துபோனாள். உள்ளங்கையால் மேசையைத் தேய்த்து அழித்தாள். பெயர் போனது, கை வெள்ளையானது.

அந்த நேரத்தில்தான் யதுர்ஷிகா தொலைபேசி எடுத்தாள். தமக்கையின் மகள். நோர்வேயில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. மூன்று தடவை அடித்து நின்று, நாலாம் தடவைதான் சுமித்திரா எடுத்தாள்.

"சித்தி, செத்துப் போனீங்களோ எண்டு நினைச்சன்!"

"இல்லை, இருக்கிறன்."

"குரலைக் கேட்டா அப்பிடித் தெரியேல்லை. திரும்பவும் அந்த மாரிக் குணமோ?"

"ஓம்."

"இஞ்ச எனக்கும்தான். மூண்டு மணிக்கே இருட்டிப் போடும். டொக்டர் ஒரு லைட் தந்தவர், பெட்டி மாதிரி. காலமை அரை மணித்தியாலம் அதுக்கு முன்னால இருக்க வேணும். வேலையில பாதிப் பேர் அப்பிடி இருக்கினம், பல்புக்குக் கீழ விட்ட கோழிக்குஞ்சு மாதிரி."

சுமித்திராவுக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அது வருத்தமோ பிள்ளை, நோயோ?"

"வருத்தம்தான். மனச்சோர்வு. குளிர்காலத்தில மட்டும் வரும். பேர் இருக்கு, மருந்து இருக்கு. உங்களுக்கு வெயில்தானே இல்லை, வெளிச்சம் இருக்கு. அறைக்குள்ள கிடக்காமல் மெசினை விறாந்தைக்கு இழுங்கோ. விடிய எழும்பி வெளியில நடவுங்கோ. கிளினிக்குக்கும் ஒருக்காப் போங்கோ. எல்லாத்தையும் விட ஆரோடையாவது கதையுங்கோ சித்தி."

"ஆரும் சாகாமலே வருமோ?"

"என்ன கேள்வி இது? எனக்கு ஆர் செத்தது? வெளிச்சம் செத்தது, அவ்வளவுதான்."

சுமித்திரா தொலைபேசியை வைத்தாள். அவளுடைய அழுகைக்கு ஒரு பெயர் இருந்தது. அது அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரஜிதன் வீடு ஒன்றேகால் கிலோமீற்றர். படலைக்கு வெளியே கால் வைத்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரம் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடியது. வயல்களில் பயிர் ஒரு முழம் உயரம் நின்றது. வெயில் இல்லை, ஆனாலும் வீட்டுக்குள் இருந்ததைவிட வெளியே வெளிச்சம் பத்து மடங்கு இருந்தது. அதைக் கண்டு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரஜிதன் கதிரை போட்டான். அவள் இருக்கவில்லை.

"தம்பி, எனக்குப் பிள்ளை இல்லை. சுனாமியில எனக்கு ஒருத்தரும் போகேல்லை. நான் கலியாணமே கட்டேல்லை."

அவன் தானே அந்தக் கதிரையில் இருந்தான்.

"சனம் தாங்களா நினைச்சதுகள். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. பிழை என்னில."

ரஜிதன் எழுந்து போய் அடிமட்டம் எடுத்துவந்தான். பைலைத் திறந்து, முப்பத்தோராம் வரியின் மேல் நேர்கோடு ஒன்று இழுத்தான். பக்கத்தில் திகதியும் தன் கையெழுத்தும் இட்டான்.

"நான் வந்து கேட்டிருக்க வேணும். கேக்காமல் எழுதினது நாங்கள்," என்றான். பிறகு, "கமலா மாமிக்கு?"

"நான் சொல்லுறன்."

கமலாசனி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வயது அறுபத்துமூன்று. சுமித்திரா வாசலில் நின்றபடியே, ரஜிதனுக்குச் சொன்ன அதே சொற்களைச் சொன்னாள். துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. பாதித் தேங்காய் முடியும் வரை கமலாசனி நிமிரவில்லை.

"பத்து வருசம்," என்றார்.

"ஓம் அக்கா."

"என்ர பிள்ளைக்குப் பக்கத்தில உன்ர பிள்ளைக்கும் நான் விளக்கு வைச்சனான். கடற்கரையில. ஒவ்வொரு வருசமும். தெரியுமோ உனக்கு?"

சுமித்திராவுக்கு அது தெரியாது. அவள் ஒருநாளும் கடற்கரைக்குப் போனதில்லை.

"எங்கட சாவை வைச்சு விளையாடினனியே?"

"விளையாடேல்லை அக்கா. எனக்கும் அழுகை வந்தது. ஏன் எண்டு தெரியாது. நீங்கள் வந்து பக்கத்தில இருந்தியள். அதை விட ஏலாமப் போச்சு."

"போ. மழை பெருக்க முந்தி வீட்டை போ."

போனாள். அன்று பின்னேரம் மெசினை விறாந்தைக்கு இழுத்தாள். அரை அடி அரை அடியாக இழுக்க நாற்பது நிமிடம் பிடித்தது. கிழக்குப் பக்கம் பார்க்க வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏழே முக்காலுக்கு அங்கே போய் இருந்தாள். சில நாள் வெறுமனே இருந்தாள். சில நாள் சட்டைக் கை ஒன்றை வெட்டினாள். ஒருநாள் காலர் மட்டும் தைத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போய் மூன்று மணித்தியாலம் வரிசையில் இருந்தாள். இளம் பெண் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டு, குளிசை எழுதி, தை மாதம் திரும்பி வரச் சொன்னார். பாரம் குறையவில்லை. பாரத்தோடு விறாந்தையில் இருந்தாள், அவ்வளவுதான். ஒழுங்கையால் போகிறவர்கள் பார்த்தார்கள். சேதி போய்விட்டது என்று அவர்கள் பார்த்த விதத்தில் தெரிந்தது. இரண்டு தாய்மார் தங்கள் துணிப் பொதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "ஊசியில நூல் கோக்கிற மாதிரி பொய் கோத்திருக்கிறா," என்று படலைக்கு வெளியே நின்று, கேட்கத்தக்கதாகச் சொன்னாள். முப்பத்தெட்டு முப்பத்தாறானது.

டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை ஆறரைக்குப் பஸ் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. ஒன்பது வீட்டாரும் வெள்ளை உடுத்து ஏறினார்கள். கமலாசனி பூக்கூடையோடு ஏறினார்; விறாந்தைப் பக்கம் திரும்பவில்லை. பஸ் போன பிறகு ஒழுங்கையில் நாய் கூட இல்லை. தூறல் விழுந்தது. சுனாமியில் போனவர்களுக்காக நாடெங்கும் மௌனம் காக்கும் ஒன்பது இருபத்தைந்துக்கு, சுமித்திரா மெசினை நிறுத்தி எழுந்து நின்றாள். பத்து வருடமும் அந்த நேரத்தில் அவள் பாயில் கிடந்திருக்கிறாள். இன்று முதல் தடவையாக, நிருஷனுக்காக நின்றாள். அவனை அவள் பார்த்ததில்லை. ஆறு வயதுப் பையனுக்குத் தோள் பதினொரு அங்குலம் வரும்.

பஸ் பன்னிரண்டு பத்துக்குத் திரும்பியது. அவள் அன்று தனக்குச் சமைக்கவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் சமைக்கவில்லை. ஒரு மணி வரை படலையைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு எழுந்து போய், அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்தாள். ஈரவிறகு புகைந்து கண் எரிந்தது. உப்புப் போட மறந்துபோன சோற்றைத் தனியே இருந்து தின்றாள். அந்த மாரியில் மிக நீளமான நாள் அதுதான்.

டிசம்பர் 30, திங்கட்கிழமை, ஒன்பது மணி இருக்கும். படலை திறந்த சத்தம் கேட்டது. கமலாசனி, ஒரு கையில் குடை, மறுகையில் துணிப் பொதி. விறாந்தைக்குக் கீழே, மழைக்குள்ளேயே நின்றார்.

"லக்சிகாவுக்கு. ஆறாம் வகுப்பு. அளவு எழுதியிருக்கு."

லக்சிகா அவருடைய மகளின் மகள். சுமித்திரா எழுந்து பொதியை வாங்கினாள். கமலாசனி போகவில்லை.

"வேற தையல்காரி இல்லையே எண்டு கேட்டினம் வீட்டில. புதுக்குடியிருப்புக்குப் போக வரக் காசு ஆர் தாறது எண்டன்."

"மேல ஏறி நில்லுங்கோ அக்கா, நனையுறியள்."

ஏறினார். குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். மெசினையும் வெட்டிக் கிடந்த துணியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்டும் இல்லாமல் எப்பிடியடி அழுகை வரும்?"

"தெரியாது அக்கா. வானம் இருட்டினால் வருது. வெயில் வந்தால் போகுது. டொக்டர் வருத்தம் எண்டு சொன்னவா."

"எங்கட சிவப்பி மாடும் இப்பிடித்தான். மாரியில தின்னாது, கறவாது, ஒரு மூலையைப் பாத்துக்கொண்டு நிக்கும். அதுக்கு டொக்டர் ஒருத்தரும் பேர் வைக்கேல்லை." பிறகு, "எப்ப நிக்கும்?" என்று கேட்டார்.

"பொங்கல் கழிஞ்சு ஒரு கிழமையால."

கமலாசனி கதிரையில் இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அண்டைக்குக் கடற்கரையில பழக்கத்தில ரெண்டு விளக்கு ஏத்திப்போட்டன்," என்றார். "ஏத்தின பிறகுதான் நினைவு வந்தது. அணைப்பம் எண்டு குனிஞ்சன். கை வரேல்லை. எரிஞ்சு முடியுமட்டும் எரிஞ்சுது. இது ஆருக்கு அம்மம்மா எண்டு லக்சிகா கேட்டாள். தெரியாது பிள்ளை எண்டன்."

சுமித்திரா பொதியைப் பிரித்து அளவுத் துண்டைப் பார்த்தாள். பேசினால் அழுகை வரும். அது எந்த அழுகை என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் இருக்கும்.

"எத்தினை தைச்சு முடிஞ்சுது?"

"பத்து. இதோட முப்பத்தேழு தைக்க வேணும்."

"முப்பத்தேழில பத்தோ? பிள்ளையள் வெறும் மேலோடையே பள்ளிக்கூடம் போறது?" கமலாசனி கையை நீட்டினார். "பொத்தான் டப்பாவைத் தாரும். எனக்குக் கண் தெரியாது, நூலைக் கோத்துத் தாரும்."

சுமித்திரா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். பதினொன்று இருபது வரை இருவரும் தைத்தார்கள். இடையில் மழைச் சத்தமும் மெசின் சத்தமும்தான். கமலாசனி வைத்த பொத்தான்களில் இரண்டு கோணலாக இருந்தன. அவர் குடையை எடுத்துக்கொண்டு போன பிறகு சுமித்திரா அவற்றைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

மறுநாள் கமலாசனி வரவில்லை. சுமித்திரா ஏழே முக்காலுக்கு விறாந்தையில் போய் இருந்தாள். ஒன்பதுக்கு ஒருதடவை, பத்துக்கு ஒருதடவை எதிர்ப்படலையைப் பார்த்தாள். ஊசி ஒன்றில் நூல் கோத்து, சட்டைத் துணியின் ஓரத்தில் குத்தி வைத்திருந்தாள்.

அதற்கு மறுநாள் வந்தார்.